வழிப்பயணத்தில் ஒரு கைவிளக்கு



திண்டிவனம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஊரைக் காட்டிலும் பயணமே. சென்னையிலிருந்து தெற்கே வருவோர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கடந்ததும் இவ்வூரை அடைகின்றனர். இங்கிருந்து ஒரு சாலை விழுப்புரத்திற்கும், மற்றொன்று புதுச்சேரிக்கும், வேறொன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் பிரிந்து செல்கின்றது. இருப்புப்பாதையும் ஊரைத் தொட்டுச் செல்கின்றது. புளியமரங்கள் செறிந்த வனமாக இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். அம்மரங்களின் நிழலில் மாட்டை அவிழ்த்துவிட்டு இளைப்பாறிய வழிப்போக்கரின் காலம் மறைந்துவிட்டது. இன்றைய வழிப்போக்கர் நிழலை மட்டும் தேடுவதில்லை; கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு 'சிக்னல்' தேடுகின்றனர். அப்படித் தேடிய ஒரு குடும்பத்தைப் பற்றியே இத்திங்கள் எழுத விரும்புகிறோம்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாள் பிற்பகல், விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு இரயிலில் சென்றுகொண்டிருந்தோம். முன்பதிவில்லாப் பெட்டி; நல்ல கூட்டம். திண்டிவனத்தில் ஒரு தாயும், பதினேழு பதினெட்டு வயது மதிக்கத்தக்க அவருடைய மகளும் ஏறினர். தாயின் கையில் துணிப்பை. மகளின் மார்போடு அணைத்தபடி ஒரு மடிக்கணினி. அதன் மேல் அரசு முத்திரை இருந்தது. அண்ணன் பள்ளியில் படித்த காலத்தில் கிடைத்ததாம்.

இடம் கிடைத்ததும் அப்பெண் கணினியைத் திறந்தாள். தாயின் கைப்பேசியை வாங்கி எதையோ தட்டினாள். மறுகணமே முகம் வாடிவிட்டது. "அம்மா, நெட்டு காலி. காலையிலேயே தம்பி எல்லாத்தையும் வீடியோ பார்த்துத் தீர்த்துட்டான்" என்றாள். தாய் பதில் பேசவில்லை. கண்கள் மட்டும் கலங்கின.

செய்தி மெல்ல மெல்ல வெளிப்பட்டது. பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டு முதல் இணையத்தின் வழியே நடைபெறுவதை வாசகர் அறிவர். மாணவர்கள் தமது தரவரிசைக்கேற்ற சுற்றில், தமக்கு விருப்பமான கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திக் குறித்த நேரத்திற்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கிடைப்பவை சில நாட்களே. இப்பெண்ணுக்கு அன்று மாலையோடு கெடு முடிகின்றது. முந்தைய நாள் முழுவதும் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுத் தாளில் பட்டியல் எழுதி வைத்திருந்தாள். அன்று காலை கணினியில் ஏற்றிவிடலாம் என்றிருந்த வேளையில், சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த பாட்டியின் நிலை மோசமாகிவிட்டதென்று செய்தி வந்தது. பட்டியலையும் கணினியையும் எடுத்துக்கொண்டு இருவரும் புறப்பட்டுவிட்டனர். அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைக் கைப்பேசியின் சிறு திரையில் வரிசை மாறாமல் ஏற்றுவது எளிதன்று. கணினி கையில் இருக்கின்றது. கணினியை உலகத்தோடு இணைக்கும் வழிதான் இல்லை.

எதிரே அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். "அக்கா, என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தர்றேன். தங்கச்சியை வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார். கடவுச்சொல்லை உரக்கச் சொல்லாமல், கணினியை வாங்கித் தாமே தட்டிக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அவருடைய கைப்பேசியில் மின்னூட்டம் குறையத் தொடங்கிற்று. பக்கத்தில் இருந்த முதியவர் தம் பையிலிருந்து 'பவர் பேங்க்' ஒன்றை எடுத்து நீட்டினார். ஒலக்கூரைக் கடந்தபின் இணைப்பு அறுந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மழைமலை மாதா திருத்தலம் அமைந்த அச்சரப்பாக்கம் வந்தபோது, தாய் சன்னல் பக்கம் திரும்பிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். இணைப்பு மீண்டது. மதுராந்தகம் ஏரி கண்ணில் படும் வேளையில், "முடிஞ்சிடுச்சும்மா!" என்றாள் அப்பெண்.

தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். மாணவர் சிரித்துவிட்டார். "வேணாங்கா. ராத்திரி பன்னிரண்டு மணி ஆனா மிச்சம் இருக்கிறது போயிடும்; புதுசு வந்துடும். வச்சிருந்து என்ன பண்ணப் போறேன்?" என்றார்.

அச்சொல் நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. அதைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

மோடம் என்பது யாது?

அன்று அம்மாணவரின் கைப்பேசி செய்த வேலைக்கு ஒரு பழைய பெயர் உண்டு, அதுவே 'மோடம்'. கணினி அறிந்தது ஒன்று, பூச்சியம் என்னும் இரண்டே எண்களை. பழைய தொலைபேசிக் கம்பி அறிந்ததோ ஒலியை மட்டும். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவது போல், எண்ணை ஒலியாகவும் ஒலியை எண்ணாகவும் மாற்ற ஒரு கருவி தேவைப்பட்டது. மாற்றி அனுப்பும் பகுதியும், மாற்றிப் பெறும் பகுதியும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தமையால் அவ்விரு பெயர்களின் முதலெழுத்துகளையும் கூட்டி 'மோடம்' என்றழைத்தனர். இன்றைய கைப்பேசிக்குள் ஒலிக்குப் பதிலாக வானொலி அலைகளைக் கையாளும் மோடம் ஒன்று நகக்கண் அளவில் அடங்கிக் கிடக்கின்றது.

நம் நாட்டில் ஒரு விந்தையான ஒற்றுமை உண்டு. முதல் கைப்பேசி உரையாடல் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு பேசினார். மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். பதினைந்தே நாட்களில், ஆகஸ்டு 15 அன்று, நம் அன்னையின் விண்ணேற்பு விழாவும் நாட்டின் விடுதலை விழாவும் கூடிய திருநாளில், விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஆக, கைப்பேசியும் இணையமும் இரட்டைப் பிள்ளைகள் போல் ஒரே பருவத்தில் நம் நாட்டிற்கு வந்தன. ஆனால் அவை கைகோத்து நடக்கச் சில ஆண்டுகள் ஆயின.

தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பி வழியே கிடைத்த வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். இன்று கைப்பேசியில் எடுக்கும் நிழற்படத்தில் சிறியது ஒரு மெகாபைட் அளவுள்ளது என்று கொள்வோம். அதனை அக்கம்பியின் வழியே பெற 14 நிமிடங்கள் ஆகும்! பின்னர் வந்த 56 கிலோபிட் மோடத்திலும் இரண்டு நிமிடத்திற்கு மேலாகும். மோடம் எழுப்பும் கீச்சொலியைக் கேட்டபடி, உலாவல் மையங்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்துக் காத்திருந்த நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கைப்பேசி வழியாகவும் இணையம் வரத் தொடங்கியது. பயணம் செய்யும் அலுவலர்கள் கைப்பேசியைக் கம்பியால் மடிக்கணினியோடு பிணைத்து, *99# என்னும் எண்ணைக் கணினியில் கொடுத்து இணைப்புப் பெற்றனர். அது வல்லுநர்களின் வித்தையாக இருந்தது. 2010-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பும், அடுத்த ஆண்டில் ஐபோன்களும் 'ஹாட்ஸ்பாட்' வசதியைக் கொணர்ந்தன. கம்பியும் எண்ணும் வேண்டாம். கைப்பேசியே சிறியதொரு வைஃபை நிலையமாகிவிடும். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் வருகைக்குப் பின் டேட்டாவின் விலை வீழ்ந்தது. வல்லுநரின் வித்தை எளியவர் கையிலும் வந்து சேர்ந்தது.

கொரோனாத் தொற்றின் காலத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடிக்கிடந்தபோது அதன் அருமையை உணர்ந்தோம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டாவைக் கல்லூரி மாணவர் 9 இலட்சத்து 69 ஆயிரம் பேருக்கு இலவசமாக வழங்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அரிசியைப் போல், மண்ணெண்ணெயைப் போல், இணையமும் குடும்பத்தின் தேவைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

மூன்று வழிகள்

கைப்பேசியின் இணைப்பைக் கணினிக்குத் தர மூன்று வழிகள் உள. இல்லத்தரசியரும் முதியோரும் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது வைஃபை ஹாட்ஸ்பாட். இது எளியது, ஒரே நேரத்தில் பலர் பயன்பெறலாம். ஆயின் கைப்பேசியின் மின்னூட்டத்தை விரைவில் உறிஞ்சிவிடும்; கைப்பேசி சூடாகும். அவ்வேளையில் அதனைத் துணிகளுக்கிடையே பைக்குள் திணித்து வைக்கலாகாது. காற்றுப்படும் இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது யூ.எஸ்.பி. கேபிள். மின்னேற்றப் பயன்படும் அதே கம்பியால் கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் தொட்டால் போதும். இணைப்பு உறுதியாக இருக்கும். கணினியிலிருந்து கைப்பேசிக்கு மின்னூட்டமும் ஏறும். அயலார் எவரும் நுழைய முடியாது. தனியே பயணம் செய்வோருக்கு இதுவே சிறந்ததென்பது நம் கருத்து.

மூன்றாவது புளூடூத். வேகம் குறைவு, மின்செலவும் குறைவு. ஒரு மின்னஞ்சல் அனுப்பவோ, சிறு படிவம் நிரப்பவோ இது போதுமானது.

ஓடும் வண்டியில் இணைப்பு அறுவதேன் என்று சிலர் கேட்கின்றனர். ஒவ்வொரு கோபுரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. வண்டி முன்னேற முன்னேற, ஒரு கோபுரம் நம்மை அடுத்த கோபுரத்தின் கையில் ஒப்படைக்கின்றது. கோபுரங்கள் தொலைவில் அமைந்த வயல்வெளிகளிலும் குன்றுப் பகுதிகளிலும் இவ்வொப்படைப்பில் தடங்கல் நேர்கின்றது. இரயில் பெட்டியின் உலோகச் சுவரும் அலைகளை மறிக்கின்றது. ஆகவே கைப்பேசியைச் சன்னலருகே வைத்தல் நன்று. ஆனால் சன்னலுக்கு வெளியே கையை நீட்டலாகாது. பறித்துச் செல்வோர் உளர்.

எண்ணெய் எடுத்துச் சென்றோர்

மணமகனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியரின் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஐவரிடமே எண்ணெய் இருந்தது. கணினியும் கைப்பேசியும் விளக்கைப் போன்றவை. மின்னூட்டமும் டேட்டாவும் எண்ணெயைப் போன்றவை. விளக்கு வாங்கப் பல ஆயிரம் செலவிடும் நாம், புறப்படும் நாளில் எண்ணெயைப் பார்ப்பதில்லை.

பயணத்திற்கு முந்தைய இரவே கைப்பேசிக்கும் கணினிக்கும் முழுமையாக மின்னேற்றுக. அன்றைய டேட்டா எவ்வளவு என்பதை அறிந்துகொள்க. பல திட்டங்களில் நாளுக்குரிய அளவு தீர்ந்ததும் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகின்றது. அதாவது பழைய கம்பி மோடத்தின் காலத்திற்கே நாம் திருப்பி அனுப்பப்படுகிறோம்! எனவே வேண்டிய தாள்களையும், பயணச்சீட்டையும், மருத்துவ அறிக்கைகளையும் வீட்டிலேயே கைப்பேசிக்குள் இறக்கி வைத்துக்கொள்க. மிக முக்கியமானவற்றைத் தாளிலும் எழுதிக்கொள்க. அப்பெண்ணின் தாள் பட்டியல் இல்லாதிருப்பின், அன்று எத்தனை பேர் உதவியும் பயனில்லாமற் போயிருக்கும்.

மற்றுமொன்று. கைப்பேசியின் இணைப்பை வீட்டு இணைப்பென்றே கணினி எண்ணிக்கொள்ளும். தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பெரிய கோப்புகளை நமக்குத் தெரியாமலே இறக்கத் தொடங்கும். ஒரு நாளைய டேட்டா அரை மணியில் மறைந்துவிடும். விண்டோஸ் கணினிகளில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிட்டால் இச்செலவு பெரிதும் அடங்கும். நிழற்படங்கள் தாமாக மேலேறும் வசதியையும் பயணத்தின்போது நிறுத்தி வைக்கலாம்.

இம்முன்மதி வசதிக்காக மட்டுமன்று. உயிர் காக்கவும் உதவும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்ததை எவர் மறப்பர்? திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ஆம் நாள், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. தென்பெண்ணை வெள்ளத்தால் அரசூர் அருகே நெடுஞ்சாலைப் போக்குவரத்தும் தடைப்பட்டது. அத்தகைய நாளில் மின்சாரம் இராது; கோபுரங்களும் மின்கலத்தின் வலுவுள்ள வரையில்தான் இயங்கும். அப்போது ஹாட்ஸ்பாட் போட்டுத் திரைப்படம் பார்ப்பவர், நள்ளிரவில் எண்ணெயைக் கொட்டிவிட்ட கன்னியராவர். அவ்வேளையில் கைப்பேசி பேசுவதற்கும், சிறு செய்தி அனுப்புவதற்கும் மட்டுமே. "நலமாக இருக்கிறோம், இன்ன இடத்தில் இருக்கிறோம்" என்னும் ஒரு வரி, வீட்டில் உறங்காதிருக்கும் ஒரு தாய்க்கு ஆயிரம் படங்களைவிட மேலானது.

திறந்த வீட்டின் கதவு

நமக்கு நேர்ந்த ஒரு பாடத்தையும் ஒளிக்காமல் கூறிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். இரவில் கட்டுரை ஒன்றை அனுப்புவதற்காகக் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டோம். 'யார் வரப்போகிறார்கள்?' என்னும் எண்ணத்தில் கடவுச்சொல் வைக்கவில்லை. வேலை முடிந்தபின் அணைக்கவும் மறந்து உறங்கிவிட்டோம். விடியற்காலையில் எழுந்தபோது டேட்டா முழுவதும் தீர்ந்திருந்தது. கைப்பேசியும் உயிரற்றுக் கிடந்தது. அன்றிரவு நெருங்கிய உறவினர் ஒருவர் இறைவனடி சேர்ந்திருந்தார். வீட்டார் பலமுறை அழைத்திருக்கின்றனர். அடக்கத் திருப்பலி முடிந்த பின்னரே நாம் போய்ச் சேர முடிந்தது. குற்றம் எவர் மீதும் இல்லை. கதவைத் திறந்துபோட்டு உறங்கிய நம்மீதே.

டேட்டா போவது சிறிய இழப்பு. நம் இணைப்பைக் கொண்டு அயலார் ஒருவர் தகாத செயல் புரிந்தால், விசாரணை முதலில் நம் எண்ணைத் தேடியே வரும். ஆகவே ஹாட்ஸ்பாட்டுக்குக் கடினமான கடவுச்சொல் இடுக. பிறந்த நாளும், தொலைபேசி எண்ணும் கடவுச்சொல் ஆகா. ஹாட்ஸ்பாட்டின் பெயராக நம் பெயரையோ, மகளின் பெயரையோ வைத்தலும் ஆகாது. பெட்டியிலுள்ள அனைவரின் திரையிலும் அப்பெயர் தோன்றும் என்பதைப் பெண் பிள்ளைகளைப் பெற்றோர் நினைவில் கொள்க. அயலாருக்கு ஒருமுறை கொடுத்த கடவுச்சொல்லை வேலை முடிந்ததும் மாற்றிவிடுக. அம்மாணவர் கடவுச்சொல்லை உரக்கச் சொல்லாமல் தாமே தட்டிக் கொடுத்தது எவ்வளவு அறிவுடைய செயல்!

இரவல் பெறுவோருக்கும் கடமை உண்டு. கேட்ட வேலைக்கு மட்டும் பயன்படுத்துக. பிறர் இணைப்பில் திரைப்படம் பார்த்தல், விருந்துக்கு வந்தவர் களஞ்சியத்தைத் திறப்பதற்கு ஒப்பாகும். வங்கிப் பணிகளை முன்பின் அறியாதவரின் இணைப்பிலோ, பொது இடத்து இணைப்பிலோ செய்யாதிருத்தல் நலம். வேலை முடிந்தபின் அந்த இணைப்பைக் கணினியின் நினைவிலிருந்து நீக்கி, நன்றி கூறுக.

நாளைக்கு வைக்க முடியாத மன்னா

இனி அம்மாணவரின் சொல்லுக்கு வருவோம். "ராத்திரி பன்னிரண்டு மணி ஆனா மிச்சம் இருக்கிறது போயிடும், புதுசு வந்துடும்" என்றாரன்றோ? இதைக் கேட்டதும் பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்களுக்குப் பொழிந்த மன்னாவே நம் நினைவுக்கு வந்தது. அன்றன்றைக்குத் தேவையான அளவு அன்றன்று கிடைத்தது. பேராசையால் மறுநாளைக்கு ஒளித்து வைத்தவர்களின் பாத்திரத்தில் அது புழுத்து நாறிற்று. நாளொன்றுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் டேட்டாவும் அத்தகையதே. நள்ளிரவுக்குப்பின் அது எவருக்கும் உதவாது.

அப்படியானால் எண்ணெய் உவமையும் மன்னாவும் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா? முன்மதியுள்ள கன்னியர் எண்ணெய் தர மறுத்தனர். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கொடுத்திருப்பின் இருவர் விளக்கும் அணைந்திருக்கும். ஆனால் மிஞ்சியதைக் கொடாமல் வைத்திருப்பவனுக்கு எந்த உவமையும் துணை நிற்பதில்லை. தேவைக்குரியதைக் காத்துக்கொள்வது முன்மதி. மிஞ்சியதை மறைப்பது கஞ்சத்தனம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை அறிவதே கிறிஸ்தவ வாழ்வு. புயல் நாளில் மின்னூட்டத்தைக் காத்துக்கொள்பவரும், சாதாரண நாளில் எதிர் இருக்கைப் பெண்ணுக்கு இணைப்பைத் தருபவரும் ஒரே அறத்தைத்தான் கடைப்பிடிக்கின்றனர்.

நம் பங்குகளில் இவ்வறத்திற்கு இடமுண்டு. கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, வேலைவாய்ப்புத் தேர்வு, முதியோர் ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் இணைய வழியாகிவிட்டன. கணினி இருந்தும் இணைப்பில்லாத வீடுகளும், இரண்டும் இல்லாத வீடுகளும் நம் அன்பியங்களில் உள. ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம், இளையோர் இருவர் ஒரு மடிக்கணினியையும் ஒரு கைப்பேசியையும் வைத்துக்கொண்டு கோவில் வளாகத்தில் அமர்ந்தால், எத்தனை விண்ணப்பங்கள் உரிய நாளில் போய்ச் சேரும்! பணச்செலவு ஏறக்குறைய ஏதுமில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

அணைக்கவும் அறிதல்

இறுதியாக ஒன்று. பயணத்திலும் இணையம் கிடைக்கும் என்றாகிவிட்டபின், வேலையும் நம்மோடு வண்டியேறிவிடுகின்றது. வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு செல்லும் தந்தை மடிக்கணினியை மடியிலிருந்து இறக்குவதில்லை. பிள்ளைகள் அவருடைய கைப்பேசியிலிருந்து இணைப்பு வாங்கி ஆளுக்கொரு திரையில் மூழ்கிவிடுகின்றனர். தாய் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகின்றார். ஒரே இணைப்பில் நால்வரும் இணைந்துள்ளனர். ஆயினும் ஒருவரோடு ஒருவர் இணையவில்லை!

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதர் நிலைக்கு உயர்த்திய கார்லோ அக்கூத்திஸ், கணினியை நன்கு அறிந்த இளைஞர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்தவர். 2006-இல் தம் 15-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கணினி விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமே எனத் தமக்குத் தாமே வரையறை வகுத்துக்கொண்டார் என்பர். கருவியை வெறுக்கவுமில்லை, கருவிக்கு அடிமையாகவுமில்லை. திருச்சபையும் அவ்வாறே கற்பித்து வந்துள்ளது. 1931-இல் மார்க்கோனியின் துணையோடு வத்திக்கான் வானொலியைத் தொடங்கிய அத்தாய், 1967 முதல் ஆண்டுதோறும் உலகச் சமூகத் தொடர்பு நாளைக் கொண்டாடி வருகின்றார். 2014-ஆம் ஆண்டு அந்நாளுக்குரிய செய்தியில், இணையத்தை இறைவனின் கொடை என்றே திருத்தந்தை பிரான்சிஸ் குறிப்பிட்டார். கூடவே, கம்பிகளால் மட்டும் இணைந்திருத்தல் போதாது, மனிதர் உண்மையாகவே ஒருவரையொருவர் சந்திக்க வேண்டும் என்றும் எடுத்துரைத்தார்.

எனவே குடும்பப் பயணத்தில் ஒரு விதி செய்துகொள்வோம். தேவை எழுந்தால் ஹாட்ஸ்பாட்டைத் திறப்போம். வேலை முடிந்ததும் அணைப்போம். அணைத்தபின் கட்டுச்சோற்றைப் பிரிப்போம், செபமாலை சொல்வோம், பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர்களைக் காட்டுவோம்.

அந்த இரயில் எழும்பூரை அடைந்தபோது இருட்டிவிட்டது. அப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைத்ததோ, அவள் பாட்டி எழுந்து நடந்தாரோ, நாம் அறியோம். இறங்கும் வேளையில் அவள் அம்மாணவரிடம், "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்றாள். முதியவரிடம் பவர் பேங்கைத் திருப்பிக் கொடுத்தபோது, "பாட்டியைப் போய்ப் பாரும்மா முதல்ல" என்றார் அவர். மூவரும் கூட்டத்தில் மறைந்தனர். ஒன்றரை மணி நேரம் முன்புவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள்!

நம் பையிலும் அத்தகைய கைவிளக்கு ஒன்று உள்ளது. அடுத்த பயணத்திற்கு முன் அதில் எண்ணெய் உள்ளதா என்று பார்ப்போம். எதிர் இருக்கையில் இருளில் தவிப்பவர் எவரேனும் உளரா என்றும் பார்ப்போம்.